ரிசல்ட் வருவதற்கு முன் விடைத்தாள் போகும் வழி

ஒரு திங்கட்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். பெரம்பூரில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மகனின் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “சார், ரிசல்ட் விட்டுட்டாங்க. தம்பிக்கு நாலு பாடத்துல பாஸ்னு இருக்கு. ஒண்ணுல மட்டும் டபிள்யூ ஹெச்னு போட்டிருக்கு. ஃபெயிலா சார்?” பையன் அவர் பின்னால் தலையைக் குனிந்து நின்றான். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவன்தான்.

ஃபெயில் இல்லை. டபிள்யூ ஹெச் என்றால் வித்ஹெல்ட். முடிவை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதைச் சொன்னதும் அக்காவுக்கு மூச்சு வந்தது. ஆனால் உடனே அடுத்த கேள்வி கேட்டார். “புள்ள எழுதிட்டான். அவங்க திருத்திட்டாங்க. மார்க்கைப் போட வேண்டியதுதானே? நடுவுல நிறுத்தி வைக்கிறதுக்கு என்ன இருக்கு?”

நியாயமான கேள்வி. கல்லூரி ஆசிரியனாகப் பல வருடம் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். அன்று இரவு அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முழு ஏற்பாட்டையும் இப்படிப் புரிந்துகொள்ளலாம். முதலில் விடைத்தாளிலிருந்து மாணவரின் அடையாளத்தைப் பிரிக்கிறார்கள். யாருடையது என்று தெரியாத தாளுக்கு ஆசிரியர் மார்க் போடுகிறார். அப்புறம் அந்த மார்க்கை உரியவரின் எண்ணோடு திரும்பச் சேர்க்கிறார்கள். பிரிப்பது சுலபம், ஒரு தாளைக் கிழித்தால் போதும். லட்சக்கணக்கான தாள்களில் ஒன்றுகூடத் தவறாமல் திரும்பச் சேர்ப்பதுதான் கடினம். ரிசல்ட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி, அக்கா மகனின் டபிள்யூ ஹெச் உட்பட, இந்தச் சேர்க்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

பாடம் நடத்துவது ஒருவர், தேர்வு வைப்பது இன்னொருவர்

இந்தப் பிரிவினை நம் ஊரில் 1857-லேயே வந்துவிட்டது. அந்த வருடம் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள். வகுப்பு நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. கேள்வித்தாள் தயாரிப்பது, தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்து நிற்கிறதே செனட் ஹவுஸ், அந்தக் கட்டடம் 1870-களில்தான் எழும்பியது. அதற்கு முன்பே சென்னைப் பல்கலைக்கழகம் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது.

1978-ல் கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. இன்று தமிழ்நாட்டின் நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் அதோடு இணைந்தவை. கன்னியாகுமரிப் பக்கம் படிக்கும் பையனின் ரிசல்ட்டும் கிண்டியிலிருந்துதான் வெளியாகிறது.

நடுவில் இன்னொரு வகை உண்டு, தன்னாட்சிக் கல்லூரிகள். லயோலாவும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியும் 1978-லேயே தன்னாட்சி பெற்றவை. இப்படிப்பட்ட கல்லூரிகளில் பாடத்திட்டம், கேள்வித்தாள், திருத்துவது, ரிசல்ட் வெளியிடுவது எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். பட்டச் சான்றிதழ் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். “அவங்க காலேஜ்ல ரிசல்ட் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, எங்களுக்கு இன்னும் வரலையே” என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொள்ளும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான். சில ஆயிரம் தாள்களைத் திருத்தும் இடத்தையும் பல லட்சம் தாள்களைத் திருத்தும் இடத்தையும் ஒப்பிட முடியாது.

எண்ணில் என்ன இருக்கிறது

மாணவருக்குப் பெயர் வீட்டில்தான். தேர்வு அலுவலகத்துக்கு அவர் ஒரு பதிவு எண். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் இது 12 இலக்கம். முதல் நான்கு இலக்கம் கல்லூரியைக் குறிக்கும். அடுத்த இரண்டு, சேர்ந்த வருடம். அதற்கடுத்த மூன்று, படிப்பு: 103 என்றால் சிவில், 104 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், 114 என்றால் மெக்கானிக்கல். கடைசி மூன்று அந்த வகுப்பில் உங்கள் வரிசை எண். எண்ணைப் பார்த்தாலே எந்தக் கல்லூரி, எந்த வருடம், என்ன படிப்பு என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்.

பாடத்துக்கும் குறியீடு உண்டு. 2021 விதிமுறையில், அதாவது அந்த வருடம் நடைமுறைக்கு வந்த பாடத்திட்ட விதிகளில், முதல் பருவக் கணிதம் எம்.ஏ.3151. அதற்கு முந்தைய 2017 விதிமுறையில் எம்.ஏ.8151. பெயரளவில் இரண்டும் முதல் பருவக் கணிதம்தான் என்றாலும் கணினிக்கு இவை இரண்டு தனித்தனிப் பாடங்கள். பழைய விதிமுறையில் சேர்ந்து அரியர், அதாவது தேர்ச்சி பெறாத பாடம், வைத்திருக்கும் ஒருவர், புதிய விதிமுறை மாணவர்களோடு ஒரே ஹாலில் உட்கார்ந்து எழுதும்போது குறியீட்டைத் தப்பாகப் போட்டுவிட்டால், அவருடைய மார்க் எந்தக் கணக்கிலும் ஒட்டாமல் நிற்கும்.

ஹாலில் நடப்பதைப் பெரும்பாலான மாணவர்கள் சடங்கு போல நினைக்கிறார்கள். கண்காணிப்பாளர் வருகைப் பட்டியலில் கையெழுத்து வாங்குவார், வராதவர் எண்ணைச் சிவப்பில் குறிப்பார், விடைத்தாளின் முதல் பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். பின்னால் ஏதாவது தகராறு வந்தால், “இந்தப் பிள்ளை அன்றைக்கு உட்கார்ந்து எழுதினான்” என்பதற்கு இருக்கும் சாட்சி அந்தப் பட்டியல்தான். அதனால் கையெழுத்துப் போடும் முன்பு உங்கள் எண்ணுக்கு நேராகத்தான் போடுகிறீர்களா என்று பாருங்கள். பக்கத்து வரியில் போட்டுவிட்டு அலைந்தவர்களை நான் அறிவேன்.

விடைத்தாளின் முதல் பக்கத்தில் பதிவு எண்ணை எழுதுவதோடு, பல இடங்களில் வட்டங்களை நிரப்பவும் வேண்டும். எழுதியதை மனிதர் படிப்பார். நிரப்பியதை இயந்திரம் படிக்கும். எழுதியதில் 7 இருந்து, நிரப்பியதில் 1 இருந்தால் இயந்திரம் 1 என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

தேர்வு முடிந்ததும் தாள்களை எண்ணி, வருகைப் பட்டியலோடு ஒப்பிட்டு, உறையிலிட்டு முத்திரை வைத்து அனுப்புவார்கள். சேகரிக்கும் மையத்தில் வைத்துத்தான் அடையாளத்தைப் பிரிப்பார்கள். பதிவு எண் இருக்கும் பகுதியைக் கிழித்து எடுத்துவிட்டு, தாளில் ஒரு டம்மி நம்பரோ பார்கோடோ மட்டும் மிஞ்சும்படி செய்வார்கள். கிழித்த துண்டிலும் அதே பார்கோடு இருக்கும். இரண்டையும் திரும்ப இணைக்கும் சாவி அலுவலகத்திடம் மட்டும் இருக்கும். பிறகு பல கல்லூரிகளின் தாள்களைக் கலந்து, முகாம்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். தன் கல்லூரித் தாள் தன் கைக்கே வரக்கூடாது என்பதற்காக இந்தக் கலப்பு.

இங்கே பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் எதை எழுதத் தொடங்கினாலும் மேலே ஒரு பிள்ளையார் சுழி போடுவது பழக்கம். சிலுவைக் குறி போடும் பிள்ளைகளும், 786 எழுதும் பிள்ளைகளும் உண்டு. விடைத்தாளில் மட்டும் அது வேண்டாம். பெயர், கல்லூரி, கடவுள் குறி, திருத்துபவருக்கு வேண்டுகோள் என எது இருந்தாலும் அடையாளம் காட்ட முயன்றதாக எடுத்துக்கொள்ள விதிகளில் இடம் இருக்கிறது. மனதில் கும்பிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

திருத்தும் முகாம்

முகாம் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லூரியின் பெரிய ஹால். நீள நீளமான மேசைகள், மேலே மின்விசிறி, ஒவ்வொருவர் முன்னாலும் நூல் கட்டிய ஒரு கட்டு. திருத்துவதற்கு முன்பு அந்தப் பாடத்தின் மூத்த ஆசிரியர்கள் கூடி விடைக்குறிப்பு தயாரிப்பார்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் படிக்கு எத்தனை மார்க், சூத்திரம் மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு, படம் சரியாக இருந்து விளக்கம் தப்பாக இருந்தால் எவ்வளவு என்று அதில் இருக்கும். கேள்வியே தப்பாக இருந்தாலோ பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தாலோ என்ன செய்வது என்பதையும் இந்தக் குழுவோ, மேலே உள்ள தேர்வு வாரியமோதான் முடிவு செய்யும்.

நான் உட்கார்ந்த முகாம்களில் காலை ஒரு வேளை, மதியம் ஒரு வேளை. வேளைக்கு 25 தாள் என்பது வழக்கமான அளவு. பொறியியல் தேர்வில் ஒரு தாள் என்பது பத்து இரண்டு மார்க் கேள்விகள், ஐந்து பதின்மூன்று மார்க் கேள்விகள், ஒரு பதினைந்து மார்க் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் உள்ளே மார்க் போட்டு, அதை முதல் பக்கக் கட்டத்தில் எடுத்து எழுதி, கூட்டிப் போட வேண்டும். பதினெட்டாவது தாளுக்கு வரும்போது கண் எரியும். அதனால்தான் திருத்துபவருக்கு மேலே ஒரு தலைமைத் தேர்வாளர் இருந்து, சில தாள்களை எடுத்துத் திரும்பப் பார்ப்பார். கூட்டலைச் சரிபார்க்கத் தனி ஆட்களும் இருப்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் தாளை ஸ்கேன் செய்து கணினித் திரையில் திருத்த வைக்கின்றன. அதில் கூட்டலைக் கணினியே பார்த்துக்கொள்ளும். எந்தக் கேள்விக்காவது மார்க் போடாமல் விட்டால் அடுத்த தாளுக்குப் போக விடாது.

திருத்துபவர் தவறு செய்யவே மாட்டாரா? செய்வார். நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உள்ளே 11 போட்டு வெளியே எடுத்து எழுத மறந்தது. ஒட்டியிருந்த இரண்டு பக்கங்களுக்கு நடுவில் ஒரு விடை ஒளிந்துபோனது. பதினான்காம் கேள்வியைப் பாதி ஓரிடத்திலும் மீதி ஆறு பக்கம் தள்ளியும் எழுதியிருந்த பிள்ளைக்கு, முதல் பாதிக்கு மட்டும் மார்க் கிடைத்தது. மூன்றாவது வகையைத் தடுப்பது மாணவர் கையில் இருக்கிறது. “தொடர்ச்சி பின்னால்” என்று ஒரு வரி எழுதினால் போதும். கேள்வி எண்ணை ஓரத்தில் பளிச்சென்று எழுதுங்கள். பேனாவை ஊன்றி எழுதியவருக்கும் கிறுக்கி எழுதியவருக்கும் விடைக்குறிப்பு ஒன்றுதான், ஆனால் கேள்வி எண்ணே தெரியாத விடையை அந்தக் குறிப்போடு எப்படி ஒப்பிடுவது?

ஏன் இவ்வளவு நாள் ஆகிறது என்பதற்கு ஒரு மனக்கணக்கு போடுவோம். 400 கல்லூரிகள், கல்லூரிக்கு 1,000 பேர், ஆளுக்கு 5 தாள் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம் தாள். ஒருவர் ஒரு நாளைக்கு 50 தாள் திருத்தினால் 40,000 ஆள் நாள் வேலை. 2,000 பேர் உட்கார்ந்தாலும் 20 வேலை நாள். இதில் அரியர் தாள்களைச் சேர்க்கவே இல்லை.

திரும்பச் சேர்க்கும் இடம்

தாள்கள் திருத்தி முடிந்ததும் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். “பேப்பர் எல்லாம் திருத்தி மூணு வாரம் ஆச்சாம்” என்று செய்தி வரும். ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் மிக நுணுக்கமான வேலை நடக்கிறது.

ஒரு மாணவரின் ஒரு பாடத்துக்கு முடிவு சொல்ல குறைந்தது மூன்று இடங்களிலிருந்து தகவல் வந்து சேர வேண்டும். முகாமிலிருந்து டம்மி நம்பரும் மார்க்கும். தேர்வு ஹாலிலிருந்து வந்தார், வரவில்லை என்ற பட்டியல். கல்லூரியிலிருந்து இன்டர்னல் மார்க், அதாவது பருவம் நடக்கும்போது கல்லூரியே போடும் மார்க். செய்முறைத் தேர்வு இருந்தால் அதன் மார்க் தனி. இவை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பட்டியலில் வந்ததாக இருந்து தாள் இல்லையென்றால் தேட வேண்டும். வராதவர் என்று குறித்திருந்து தாள் இருந்தால் விசாரிக்க வேண்டும். ஒரே பதிவு எண்ணுக்கு இரண்டு தாள் வந்தால், யாரோ ஒருவர் வட்டத்தை மாற்றி நிரப்பியிருக்கிறார். கல்லூரி இன்டர்னல் மார்க்கை ஏற்றவே இல்லையென்றால் மற்றது எல்லாம் இருந்தும் பயனில்லை. இப்படிப் பொருந்தாமல் நிற்பவர்களுக்காக மற்றவர்களின் ரிசல்ட்டை நிறுத்த முடியாது. அதனால் அவர்கள் பெயருக்கு நேராக டபிள்யூ ஹெச் என்று போட்டு, மீதியை வெளியிடுகிறார்கள். தேர்வில் முறைகேடு செய்ததாகப் புகார் இருந்தாலும், கட்டணமோ ஆவணமோ பாக்கி இருந்தாலும் இதே குறி வரலாம். குறி ஒன்று, காரணம் பல. அதனால்தான் முதலில் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்டர்னல் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதை மிகக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளில் இன்டர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. தேர்வில் 75-க்கு 30 எடுத்தாக வேண்டும், மொத்தத்தில் 40 வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 விதிமுறைப்படி எழுத்துப் பாடங்களுக்கு இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதி 60-க்கு மாற்றுவார்கள். தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும், அதோடு பருவத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும்.

இதை எண்ணாகப் பாருங்கள். இன்டர்னலில் 40-க்கு 20 வைத்திருப்பவருக்குத் தேர்விலிருந்து இன்னும் 30 வேண்டும். 60-க்கு 30 என்றால் தாளில் 100-க்கு 50. இன்டர்னலில் 15 மட்டும் வைத்திருப்பவர் தாளில் 59 எடுத்தால்தான் கரை சேருவார். இன்டர்னலில் முழு 40 இருந்தாலும் தாளில் 44 எடுத்தவர் தேர்ச்சி பெற மாட்டார், 45 என்ற தனி வரம்பு அவரைத் தடுத்துவிடும். “நான் 52 எடுத்தேன், எனக்கு அரியர், அவன் 46 எடுத்தான், அவனுக்கு பாஸ், எப்படி?” என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பருவம் நடக்கும்போதே இன்டர்னல் மார்க் இணையதளத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அப்போதே பார்த்து, தவறு இருந்தால் பாட ஆசிரியரிடம் சொல்லுங்கள். ரிசல்ட் வந்தபிறகு அதை மாற்றுவது மிகவும் கடினம்.

எல்லாம் சேர்ந்தபின் தேர்வு முடிவுகளை ஒப்புதலுக்கு வைப்பார்கள். மூத்த பேராசிரியர்கள் அடங்கிய வாரியம் பாடவாரியாகத் தேர்ச்சி விகிதத்தைப் பார்க்கும். ஒரு பாடத்தில் மட்டும் திடீரென்று சரிந்திருந்தால் கேள்வித்தாளில் கோளாறா, திருத்தியதில் கோளாறா என்று பார்த்து, தேவைப்பட்டால் விதிக்கு உட்பட்டு மார்க்கைச் சீர்செய்யும். ஒப்புதல் கிடைத்ததும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வெளியிடுவார். நாம் “சி.ஓ.இ. ஆபீஸ்” என்று சொல்கிறோமே, அது இவருடைய அலுவலகம்தான்.

வெளியான அன்றைக்கு

முன்பெல்லாம் பத்திரிகையில் பதிவு எண்களைப் பொடி எழுத்தில் போடுவார்கள். எண் இருந்தால் பாஸ். இல்லையென்றால் இல்லை. இப்போது பதிவு எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் வந்துவிடுகிறது. ஆனால் வெளியான முதல் மணி நேரத்தில் இணையதளம் திறக்காது. லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்து ஆளுக்கு ஐந்து முறை பொத்தானை அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கணினி தகவல் கிடங்கில் தேடிப் பதில் சொல்ல வேண்டும். பக்கம் நின்றுவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்தாமல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். ரிசல்ட் எங்கும் போகாது. வேறு யாரோ நடத்தும் தளத்தில் பிறந்த தேதியைக் கொடுக்காதீர்கள்.

திரையில் வருவது பெரும்பாலும் கிரேடு எழுத்து. அண்ணா பல்கலைக்கழகத்தில் 91 முதல் 100 வரை ஓ, அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை ஏ பிளஸ், 9 புள்ளி. 71 முதல் 80 வரை ஏ, 8 புள்ளி. 61 முதல் 70 வரை பி பிளஸ், 7 புள்ளி. அதற்குக் கீழே 2021 விதிமுறையில் பி, சி என்று இரண்டு படி. அதற்கும் கீழே யூ, அதாவது திரும்ப எழுத வேண்டும். 2017 விதிமுறையில் இதையே ஆர்.ஏ. என்று போட்டார்கள். எஸ்.ஏ. என்று இருந்தால் வருகைப் பதிவு குறைவு. 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் போன்றவை இருந்தால் 65 வரை சலுகை உண்டு. அதற்குக் கீழே போனால் தேர்வெழுதவே விட மாட்டார்கள்.

ஜி.பி.ஏ. என்பது ஒரு பருவத்தின் சராசரிப் புள்ளி. அதன் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் அதன் எடையைக் காட்டும் கிரெடிட் எண் உண்டு. கிரெடிட்டைப் புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 4 கிரெடிட் கணிதத்தில் ஏ வாங்கினால் 32. 3 கிரெடிட் இயற்பியலில் பி பிளஸ் என்றால் 21. 3 கிரெடிட் பைத்தானில் ஓ என்றால் 30. மொத்தம் 83. அதைப் பத்தால் வகுத்தால் 8.3. எல்லாப் பருவத்துக்கும் சேர்த்து இதையே போட்டால் சி.ஜி.பி.ஏ. ஒரு விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி தேர்ச்சி பெறாத பாடம் இந்தக் கணக்கில் சேராது. அதனால் மூன்று அரியர் இருக்கும் பையனுக்கும் 8.3 வரலாம். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஒவ்வொரு பாடத்துக்கு நேராகவும் உள்ள எழுத்தைப் பாருங்கள்.

மார்க்கில் சந்தேகம் இருந்தால்

மறுகூட்டலும் மறுமதிப்பீடும் வேறு வேறு. மறுகூட்டலில் கூட்டலை மட்டும் பார்ப்பார்கள். எடுத்து எழுத மறந்த அந்த 11 மார்க் இதில் கிடைத்துவிடும். மறுமதிப்பீட்டில் இன்னொரு ஆசிரியர் தாளை முழுசாகத் திருத்துவார். பிள்ளைகள் இதை “ரீவேல்” என்பார்கள். இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது விடைத்தாளின் போட்டோகாப்பி வாங்குவது. அண்ணா பல்கலைக்கழக முறையில் அந்த நகலைப் பாடம் நடத்திய ஆசிரியரிடம் காட்டி, கேள்விவாரியாக எத்தனை மார்க் வர வேண்டும் என்று எழுதி வாங்கி, அதன் பிறகுதான் ரீவேலுக்குப் போக வேண்டும் என்று 2017 விதிமுறை சொல்கிறது. நல்ல ஏற்பாடு இது. நகலை ஆசிரியரோடு உட்கார்ந்து பார்க்கும் அரை மணி நேரத்தில், பணம் கட்டலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ரீவேல் முடிவிலும் திருப்தி இல்லையென்றால் ரிவ்யூ என்று இன்னொரு படி உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி மிக நெருக்கமாக இருக்கும். ரிசல்ட் வந்த அன்றே கல்லூரி அலுவலகத்தில் அந்தத் தேதியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தன் விடைத்தாளைப் பார்ப்பது யாரும் செய்யும் தயவு இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில், சொல்லியிருக்கிறது.

மறுமதிப்பீட்டில் ஒரு பலவீனமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசக்கூடாது. முதல் முறை திருத்தும்போது தாளுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியாது. மறுமதிப்பீட்டுக்கு மாணவரே தன் எண்ணைக் கொடுத்து விண்ணப்பிக்கிறார். எந்தத் தாள் யாருடையது என்பது அலுவலகத்துக்குத் தெரியும். 2017 ஏப்ரல், மே பருவத் தேர்வின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க்கைக் கூட்டியதாக அண்ணா பல்கலைக்கழகம் தொடர்பாக லஞ்ச ஒழிப்புத் துறை 2018-ல் வழக்குப் பதிவு செய்தது. அடையாளத்தைப் பிரிக்கும் வேலையை மறுமதிப்பீட்டிலும் முதல் முறை அளவுக்கே கறாராகச் செய்ய வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். நேர்மையாக எழுதி, நேர்மையாக விண்ணப்பிக்கும் பிள்ளைதான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது. “பணம் கொடுத்தா பாஸ் போட்டுடுவாங்க” என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் கதவைச் சாத்துங்கள்.

தேர்ச்சி பெறாதவர்கள் அடுத்த பருவத்தில் அரியர் எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடத்தை முடித்து ஒரே ஒரு தாளில் நின்றுவிட்டவர்களுக்கு இன்ஸ்டன்ட் எக்ஸாம் என்று ஒன்று வைக்கிறார்கள். ஒரு தாளுக்காக வேலையையோ மேற்படிப்பையோ இழக்காமல் இருக்க அது பெரிய உதவி.

அப்புறம் சான்றிதழ். திரையில் பார்ப்பது தகவல்தான், மார்க் ஷீட் வந்தால்தான் அது ஆவணம். எல்லாப் பருவமும் முடிந்தபின் புரொவிஷனல் சான்றிதழும் ஒருங்கிணைந்த மார்க் ஷீட்டும் வரும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவை ஒட்டி வரும். அதுவரை வேலைக்கும் மேற்படிப்புக்கும் புரொவிஷனலே போதும். இப்போது பல பல்கலைக்கழகங்கள் அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலும் மார்க் ஷீட்டை ஏற்றுகின்றன. ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும், இனிஷியல் உட்பட, ஒன்றாக இருக்கிறதா என்று முதல் வருடத்திலேயே பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். நம் ஊரில் இனிஷியலை முன்னால் போடுபவர், பின்னால் போடுபவர், அப்பா பெயரை விரித்து எழுதுபவர் என்று பல வகை. கணினிக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலை அவனை நேராகக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். இப்படிப்பட்ட விஷயத்தில் மாணவர் தனியாகப் பல்கலைக்கழகத்துக்கு அலைந்து பயனில்லை, கல்லூரி வழியாகக் கடிதம் போனால்தான் நகரும். அங்கே பார்த்ததில் காரணம் தெரிந்தது. பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தை 6 என்று எழுதிவிட்டு, வட்டத்தில் 8-ஐ நிரப்பியிருக்கிறான். 8-க்கு உரிய பையனுக்கும் அதே பாடத்தில் டபிள்யூ ஹெச். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே ஹால், தேர்வு முடிந்து ஒன்றாக டீ குடித்தவர்கள். வருகைப் பட்டியலில் இரண்டு கையெழுத்தும் அதனதன் இடத்தில் சரியாக இருந்தது. அதன் நகலை வைத்து முதல்வரின் கடிதத்தோடு கல்லூரி அனுப்பியது.

இரண்டு வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. தம்பிக்கு பி பிளஸ். அன்று மாலை அக்கா கடை மிஷினை நிறுத்திவிட்டு வந்து சொன்னார். பின்னாலேயே பையன் வந்து, அந்த இன்னொரு பையனுக்கு யூ விழுந்திருப்பதாகவும், போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்க நாளை மறுநாள் கடைசி என்றும் சொன்னான். நகல் வந்ததும் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வரலாமா என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறேன்.